அண்ணாந்து படுக்க வைக்காதீர்கள்

சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாந்து படுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் மட்டும் என் கையில் கிடைத்தால்! காது மூக்கு தொண்டை வைத்தியம் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரமும் கேட்டேன். காலைப் பிரார்த்தனையில் வெயிலில் நின்ற நாலாம் வகுப்புப் பையனுக்கு மூக்கில் ரத்தம். ஆசிரியர் அவனை பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையில் ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். அரை மணி நேரத்தில் பையன் டிகாக்‌ஷன் நிறத்தில் வாந்தி எடுத்தான். "வயித்துக்குள்ள என்னமோ வெடிச்சிருச்சு டாக்டர்" என்று அவன் அம்மா அழுதுகொண்டே ஓடிவந்தார். வயிற்றில் ஒன்றுமில்லை. வெளியே வழியவேண்டிய ரத்தத்தை விழுங்கவைத்தார்கள், வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அண்ணாந்தால் ரத்தம் நிற்பதில்லை, கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவுதான். மூக்கின் பின்வாசல் தொண்டையில் திறக்கிறது. புரையேறி மூக்கு வழியாகத் தண்ணீர் வந்த எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அரை மயக்கத்தில் இருப்பவரை மல்லாத்தினால் ரத்தம் மூச்சுக்குழாய்க்குள்ளேயே இறங்கலாம்.

பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் வருவது இரண்டு துவாரங்களுக்கும் நடுவேயுள்ள சுவரின் முன்பகுதியில். பல ரத்தக்குழாய்கள் வந்து கூடும் சந்தி அது. ஜேம்ஸ் லிட்டில் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1879இல் விவரித்ததால் 'லிட்டில் பகுதி' என்கிறோம். விரல் எட்டும் இடம் என்பதால்தான் பிள்ளைகள் நோண்டி உடைத்துக்கொள்கிறார்கள். அதனாலேயே விரலால் நிறுத்தவும் முடிகிறது.

உட்காரவைத்து, தலையை லேசாக முன்னால் குனியச் சொல்லுங்கள். மூக்கின் கீழ்ப்பாதியை, மெத்தென்று இருக்கும் பகுதியை, இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். மேலே எலும்பைப் பிடித்துப் பயனில்லை. வாயால் மூச்சு விடட்டும், வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். "எவ்வளவு புடிச்சும் நிக்கல" என்று வருகிறவர்களைத் துருவிக் கேட்டால், பால் பொங்கிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பதுபோல அரை நிமிடத்துக்கு ஒருமுறை விரலை எடுத்துப் பார்த்திருப்பார்கள். உறையத் தொடங்கியதைக் கலைத்துவிட்டு என்னிடம் புகார்!

நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. தலையில் அடிபட்டு வந்த ரத்தம், குனிந்திருந்தும் தொண்டையில் இறங்கும் ரத்தம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு வரும் ரத்தம் என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

"சூட்டு உடம்பு டாக்டர்" என்பார்கள். வெயில் காலத்தில் அதிகம் வருகிறது என்பது சரிதான். ஆனால் காய்ந்த காற்றில் மூக்கின் உள்தோல் வறண்டு பொருக்குத் தட்டுகிறது, பையன் அதைப் பிய்க்கிறான். இளநீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். மூக்குக்கு, இரவில் உள்ளோரம் கொஞ்சம் வாசலின், வாரம் ஒருமுறை நகவெட்டி. வெங்காயத்தை முகர்ந்தால் கண்ணில் தண்ணீர் வரும், வேறொன்றும் நடக்காது.

ரத்தம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெட்டுக்காயத்தில் காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு அப்பாதீர்கள். தையல் போடுமுன் அதைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்கும் உங்களுக்கும் உயிர் போகிறது. சுத்தமான துணியால் அழுத்துங்கள், நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி. கண்ணாடியோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல் கூட்டி வாருங்கள்.

அந்த நாலாம் வகுப்புப் பையனின் பள்ளியில் முதலுதவிப் பெட்டி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள். சாவி கிளார்க்கிடம். கிளார்க் அன்று லீவு. மூக்குக்கு இரண்டு விரல் போதும், பெட்டி வேண்டாம். நாளைக்குக் கபடி ஆடும் பிள்ளைக்கு முழங்கால் கிழிந்தால்? பெட்டியை மைதானத்துப் பக்கம், எல்லார் கண்ணிலும் படும்படி, பூட்டில்லாமல் மாட்டுங்கள் என்று எத்தனை ஆண்டு விழாக்களில் சொல்லிவிட்டேன்! பொன்னாடை போர்த்துகிறார்கள், பெட்டி பீரோவிலேயே இருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இதை மட்டுமாவது செய்யுங்கள். அப்படியே உள்ளே இருக்கும் டிங்சர் பாட்டிலில் என்ன தேதி போட்டிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.