முதல் பட்டதாரி யார்? எங்கள் வீட்டுக் கணக்கு



நம் வகுப்பில் பலர் வீட்டில், கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள் நாம்தான். எந்தச் சலுகை யாருக்கு என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் அப்பா கொத்தனார். தங்கை அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பொங்கல் லீவில் அப்பா சொன்னார்: "பாப்பாவ பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில சேத்துடலாம்டா. அங்கதான் நல்லா மார்க் வாங்க வைப்பாங்களாம். முன்பணத்துக்குக் கடன் கேட்டு வச்சிருக்கேன்."

"அவசரப்படாதீங்கப்பா. கணக்குப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்கு இதுதான்.

1. முதல் பட்டதாரி சலுகை

குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லையென்றால், அரசுக் கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேரும் ஒருவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. டிப்ளமோ என்பது பட்டம் அல்ல. ஆகவே நாம் டிப்ளமோ முடித்தாலும் இந்தத் தகுதி போகாது. நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும்போது பயன்படுத்தலாம். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நான் எடுத்துக்கொண்டால் தங்கைக்கு இல்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

2. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு

2021இல் வந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியே உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. பத்தாவதோடு பாலிடெக்னிக் வந்த எனக்கு இது இல்லை. தங்கைக்கு உண்டு. ஆனால் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்குப் போனால் அவளுக்கும் போச்சு!

3. கட்-ஆஃப்

பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. உதாரணமாகக் கணிதத்தில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 80 என்றால் 84 + 39 + 40 = 163. இந்த 163ஐ வைத்துக்கொண்டு பொதுவான பட்டியலில் எல்லோரோடும் மோதுவது ஒன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தனித் தரவரிசையில் நிற்பது வேறு. தனியார் பள்ளியில் பத்து மார்க் கூடலாம். ஆனால் தனி இடமும் இலவசக் கட்டணமும் கைவிட்டுப் போகும்.

4. மாதம் ஆயிரம்

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்காகப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்காகத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. டிப்ளமோவுக்கும் உண்டு. தோழியர் இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.50,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம்.

5. சான்றிதழில் கவனம்

முதலாண்டில் எனக்கு ஓர் உதவித்தொகை வராமலே போனது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை. பாஸ்புக்கில் இனிஷியல் வேறு, மார்க் ஷீட்டில் வேறு. தெரிந்து சரிசெய்வதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. அந்த வருஷம் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. எனவே வருமானம், சாதி, முதல் பட்டதாரி சான்றுகளை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

முடிவாக, தங்கை அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டு வரை படிப்பது. முதல் பட்டதாரி சலுகையை நான் எடுத்துக்கொள்வது. கடனும் வேண்டாம். அப்பாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டல் கழித்தல் நன்றாக வரும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அவளுக்கு மார்க் கொறஞ்சா?" என்றார். "சனி, ஞாயிறு கணக்குப் பாடம் நான் சொல்லித் தர்றேம்ப்பா" என்றேன். முழு மனசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடன் வாங்கப் போகவில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளி மாற்றும் முன் அவர்களோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நமக்குச் சொல்ல ஆள் இல்லை; அவர்களுக்கு நாம் இருக்கிறோம்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை