எழுத்தாக்கம்: அவதானித்து எழுதுதல் – குண்டுக் கரிச்சான்



"எனது ஊரில் நான் அவதானித்த பறவை" என்று தலைப்பு வந்தால் பலர் "அது அழகிய பறவை, இனிமையாகப் பாடும்" என எழுதி முடித்துவிடுகின்றனர். இவ்வசனம் குயிலுக்கும் பொருந்தும், கிளிக்கும் பொருந்தும். அதனாலேயே புள்ளி குறைகிறது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற அளவெட்டியில் விடியற்காலையில் பாடும் குண்டுக் கரிச்சானை உதாரணமாகக் கொள்வோம்.

1. இனங்காணல்
நீளம் ஏறத்தாழ 19 செ.மீ. தலை, மார்பு, முதுகு பளபளக்கும் கருநீலம். வயிறு வெள்ளை. சிறகில் நீண்ட வெள்ளைக் கோடு. வாலை அடிக்கடி நிமிர்த்தி வைத்திருக்கும். இந்தியாவில் வெளிவந்த நூல்கள் பலவற்றில் பெண் பறவை சாம்பல் நிறம் என்றிருக்கும். இலங்கை உள்ளினத்தில் பெண்ணும் ஏறத்தாழ ஆணைப் போலவே கருமையானது. ஆகவே நூலைப் பார்த்து எழுதாமல் வேலியைப் பார்த்து எழுதுங்கள்.

2. மயக்கம் நீக்கல்
இரட்டைவால் குருவியையும் சிலர் கரிச்சான் என்பர். அது முழுவதும் கருமை. வால் நுனி பிளவுபட்டது. கருஞ்சிட்டு உருவில் சிறியது. வாலின் அடிப்பகுதி செங்கபிலம். வயிற்றில் வெள்ளை இல்லை. இத்தகைய பெயர் மயக்கத்தைத் தீர்ப்பது விஞ்ஞானப் பெயர்: கொப்சிகஸ் சோலாரிஸ்.

3. பழக்கங்கள்
நிலத்தில் தத்தித் தத்திப் பூச்சி, புழுக்களைப் பிடிக்கும். இனப்பெருக்க காலத்தில் ஆண் உயர்ந்த கொப்பிலிருந்து பாடித் தன் எல்லையைக் காக்கும். வேறு பறவைகளின் குரலையும் பாட்டில் கலக்கும். மரப்பொந்திலோ சுவர்ப்பொந்திலோ கூடு கட்டும். பெண்ணே அடைகாக்கும், குஞ்சுகளுக்கு இரண்டும் இரை ஊட்டும்.

4. சிந்திக்க
இதன் உறவினமான சீசெல்ஸ் தீவுக் கரிச்சான், மனிதர் கொண்டுவந்த பூனைகளாலும் காடழிப்பாலும் 1960களில் ஒரே தீவில் இருபதுக்கும் குறைவாகச் சுருங்கியது. கூட்டுப்பெட்டி வைத்தும், உணவளித்தும், வேறு தீவுகளில் குடியேற்றியும் அதனைக் காப்பாற்றினர். நம் வளவில் பொந்துள்ள பட்ட மரத்தைத் தறிக்கும்போது ஒரு கூட்டுக்கான இடமும் போகிறது. பூச்சிநாசினியை அளவுக்கு மிஞ்சி விசிறினால் அதன் இரையும் போகிறது.

பயிற்சி
1. குண்டுக் கரிச்சானை இரட்டைவால் குருவியிலிருந்து வேறுபடுத்தும் இரு இயல்புகள் தருக.
2. ஆண் பறவை பாடுவதன் நோக்கம் யாது?
3. நாளைக் காலை பத்து நிமிடம் ஒரு பறவையை அவதானித்து, வேறு எந்தப் பறவைக்கும் பொருந்தாத ஐந்து வசனங்கள் எழுதுக.