இரண்டு ராத்திரிப் பரிசு

சிரஞ்சீவி தம்பி மகனுக்கு, பெரியப்பாவின் ஆசிகள்.

பொரோதின் (கிறிஸ்துமஸ்) லீவுக்குப் பிள்ளைகள் இருவருக்கும் என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருந்தாய். கல்கத்தா கரியாஹாட்டில் குடியிருப்பவனுக்குப் பொருளுக்கா பஞ்சம்? வீட்டுப் படி இறங்கினால் நடைபாதை முழுக்கக் கடை. ஸ்வெட்டர் முதல் பொம்மை வரை கைக்கு எட்டும் தூரத்தில் தொங்குகிறது. ஆனாலும் இந்த வருஷம் எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு ராத்திரி அவர்களை ஊருக்கு வெளியே அழைத்துக்கொண்டு போ. நீ, உன் மனைவி, பிள்ளைகள். நான்கு பேர் போதும்.

இதற்கு வங்காளத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1873 பிப்ரவரி, குளிர் விலகும் நேரம். ஜோராசாங்கோ தாகூர் வீட்டில் பூணூல் கல்யாணம் முடிந்து, மொட்டைத் தலையோடு எப்படிப் பள்ளிக்கூடம் போவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான் 11 வயதுப் பையன் ஒருவன். அப்பா தேவேந்திரநாத் வருஷத்தில் பாதி நாள் மலை, ஆறு என்று வெளியூரில் இருப்பவர்; பெரிய வீட்டில் வேலைக்காரர்கள் பொறுப்பில் வளர்ந்த பையனுக்கு அவர் ஏறக்குறைய விருந்தாளி. அந்த அப்பா கூப்பிட்டு, தன்னோடு இமயமலைக்கு வருகிறாயா என்று கேட்டார். பையனுக்கென்று புதுத் துணிகளும், சரிகை வேலை செய்த வெல்வெட் குல்லாவும் வந்தன. மலைக்குப் போகும் வழியில் முதல் தங்கல் போல்பூர். பையன் பெயர் ரவீந்திரநாத்.

பின்னாளில் அவர் எழுதி 1912-இல் வெளிவந்த ‘ஜீவன்ஸ்மிருதி’யில் இந்தப் பயணம் விரிவாக வருகிறது. பிள்ளை பெற்றவர்கள் அனைவரும் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். போல்பூரில் அன்றைக்கு வேடிக்கை பார்க்க என்ன இருந்தது? செம்மண் மேடு, மழைநீர் அரித்த பள்ளங்கள், சில மரங்கள். அவ்வளவுதான். அப்பா பையனைக் கட்டிப்போடவில்லை. தன்னந்தனியாக அந்தப் பள்ளங்களில் திரிய விட்டார். பையன் சட்டை மடியில் கூழாங்கல் பொறுக்கிக் கொண்டுவந்து காட்டினான். குப்பை என்று ஒதுக்காமல் அப்பா ரசித்தார். இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, தினமும் கொண்டுவருவேன் என்றதும், தோட்டத்தில் இருந்த சின்ன மண்மேட்டை அந்தக் கற்களால் அலங்கரிக்கச் சொன்னார். ஓரிடத்தில் தெளிந்த ஊற்று கண்டுபிடித்தேன், குளிக்கவும் குடிக்கவும் அந்தத் தண்ணீர் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று பையன் வந்து சொன்னான். அப்பா அப்படியே செய்யும்படி ஆளுக்கு உத்தரவு போட்டார்.

பொறுப்பும் கொடுத்தார். கொஞ்சம் பணம் கொடுத்துச் செலவுக்குக் கணக்கு எழுதச் சொன்னார். கணக்கு ஒருநாளும் சரிவரவில்லை. ஒரு நாள் கையில் மிஞ்சியது கணக்கைவிடக் கூடுதலாகவே இருந்தது. அப்பா திட்டவில்லை, உன்னைத்தான் கஜானாவுக்கு வைக்க வேண்டும் என்று சிரித்தார். தம் விலையுயர்ந்த தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையையும் ஒப்படைத்தார். பையன் ஆர்வத்தில் முறுக்கித் தள்ளியதில் கடிகாரம் ரிப்பேருக்குக் கல்கத்தா போனது.

அங்கிருந்து அமிர்தசரஸ் போகும் வழியில், பெரிய ஸ்டேஷன் ஒன்றில் டிக்கெட் பரிசோதகருக்குச் சந்தேகம்: பையனுக்கு 12 வயது ஆகவில்லையா? இல்லை என்றார் அப்பா. அது உண்மை. நம்பாமல் முழுக் கட்டணம் கேட்டார்கள். நோட்டை நீட்டினார், மீதிச் சில்லறை வந்தபோது அதைப் பிளாட்பாரத்தில் வீசி எறிந்தார். காசுக்காகத் தன் அப்பா பொய் சொல்லமாட்டார் என்பதைப் பையன் கண்ணால் பார்த்தான். இன்றைய ரயில்வேயில் 5 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்தான், 2016 முதல். வயதைக் குறைத்து எழுதும் பேச்சு உன் பிள்ளைகள் காதில் ஒருநாளும் விழக்கூடாது.

தேவேந்திரநாத் ஜமீன் வீட்டுக்காரர், நமக்கு எங்கே கட்டுப்படியாகும் என்று நினைக்காதே. கூழாங்கல்லுக்கும் கணக்கு நோட்டுக்கும் என்ன செலவு? அந்தப் பையனுக்கு அங்கே கிடைத்தது, அதுவரை பங்குக்கு வராத அப்பா. உன் பிள்ளைகளுக்கும் அதுதான் குறை. ராத்திரி ஒன்பதுக்கு நீ வீட்டுக்கு வரும்போது அவர்கள் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள்.

வருஷா வருஷம் ஊருக்குப் போகிறோமே என்பாய். கல்கத்தா தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்த வழக்கம் உண்டு. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து, இறங்கியதும் கல்யாணம், கோயில், பெரியவர்களைப் பார்ப்பது, திரும்ப அதே வண்டி. உறவு தெரிய அது வேண்டும், விடாதே. ஆனால் அங்கே நீ யாருக்கோ மருமகன், யாருக்கோ தம்பி. பிள்ளைகளுக்கு மட்டும் அப்பாவாக இருக்க அந்த லீவில் நேரம் இருப்பதில்லை.

அக்கம்பக்கத்து வங்காளிகளைப் பார். காற்று மாற்றம் என்று மதுபூர், கிரிடி, சிமுல்தலா எனக் குளிர்காலத்தில் குடும்பத்தோடு மேற்கே போய்த் தங்குவது அவர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம். டிசம்பர், ஜனவரியில் நகரத்துக் காற்று கெட்டுப்போவதைப் பார்த்தால் அந்தப் பழக்கத்தின் அருமை இன்னும் கூடுதலாகவே தெரிகிறது.

எங்கே போவது? டார்ஜிலிங் வேண்டாம். இரண்டு ராத்திரியில் போகவர அலைச்சலே மிஞ்சும். போல்பூருக்கே போகலாம். ஹவுராவிலிருந்து சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸில் சுமார் இரண்டரை மணி நேரம். பக்கத்துச் சாந்திநிகேதன்தான் தாகூர் 1901-இல் பள்ளிக்கூடம் தொடங்கிய இடம். 2023-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் அங்கே செய்த சந்தால் பழங்குடிக் குடும்பத்தின் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டு: கூலி வேலை தேடி நடக்கும் அப்பா, அம்மா, காவடிக் கூடையில் குழந்தை. புதன்கிழமை அங்குள்ள விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்துக்கு வார விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதே. டிசம்பர் 23 வாக்கில் தொடங்கும் பௌஷ் மேளா சமயத்தில் தங்கும் அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மேளா முடிந்து போவதே நல்லது. மீதி நேரத்தை கோபாய் நதிக்கரைச் செம்மண்ணில் அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடு.

அவ்வளவு தூரமும் முடியாதென்றால், வீட்டிலிருந்து நடந்தே போகும் பாலிகஞ்ச் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே லோக்கல் பிடித்தால் ஜெய்நகர். கனக்சூர் நெல்லின் பொரியும் புது ஈச்ச வெல்லமும் சேர்த்துப் பிடிக்கும் அந்த ஊர் உருண்டையான மோவா, 2015-இல் புவிசார் குறியீடு பெற்றது. கார்த்திகைப் பொரி உருண்டை தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விடியற்காலையில் ஈச்ச மரத்திலிருந்து பானை இறக்குவதையும், சாறு காய்ச்சுவதையும் காட்டு. பச்சைச் சாற்றை மட்டும் குடிக்கவிடாதே. வௌவால் வாய் வைத்த சாறு வழியாக நிபா வைரஸ் பரவியதைப் பங்களாதேஷில் கண்டிருக்கிறார்கள். காய்ச்சிய வெல்லம் போதும்.

போகும் இடத்தை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடு, கடைசி நாள் ரகசியமாக வைக்காதே. 2010-இல் வெளியான டச்சு ஆய்வு ஒன்று 1,530 பெரியவர்களைக் கேட்டது. சுற்றுலா போகிறவர்களின் கூடுதல் சந்தோஷம் பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய நாட்களில்தான் தெரிந்தது. பெரியவர்களுக்கே அப்படி என்றால், காலண்டரில் தேதியைத் தினமும் அடித்துக்கொண்டு வரும் குழந்தைக்கு எப்படி இருக்கும்! மூத்தவளிடம் ஐநூறு ரூபாயும் ஒரு நோட்டும் கொடுத்துக் கணக்கு எழுதச் சொல். சின்னவனிடம் வண்டி நேரம் பார்க்கும் பொறுப்பு. உன் போனைப் பெட்டிக்கு அடியில் வை. அவர்கள் கூழாங்கல் கொண்டுவந்தால் குனிந்து பார்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. டிசம்பர் 27 வண்டிக்கு அக்டோபர் 28 காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து டிக்கெட் எடுத்துவிடு. ஆபீசில் லீவும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா