உயர்மாடித் தீக்கு எந்தக் குழாய்?

கேள்வி: பல மாடி அலுவலகக் கட்டடத்தில் தீப்பிடித்தால், எளிதில் இழுத்துப் போகக்கூடிய ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய் போதாதா? கனமான இரண்டரை அங்குலக் குழாயை எதற்காகச் சுமக்க வேண்டும்?

பதில்: தெருவில் நிற்கும் தீயணைப்பு வண்டியிலிருந்து குழாய் இழுக்கும்வரை நீங்கள் சொல்வது சரி. உராய்வில் அழுத்தம் குறைந்தால் பம்ப் இயக்குபவர் கூட்டிக் கொடுத்துவிடுவார். இருபதாவது மாடியிலோ, கட்டடத்தின் ரைசர் (மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் செங்குத்துக் குழாய்) வால்வு கொடுப்பதுதான் கணக்கு. ஆகவே அந்த வால்வில் வரக்கூடிய மிகக் குறைந்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் குழாயை முடிவு செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 250 அமெரிக்க கேலன் தண்ணீர் 100 அடி நீளம் போக, ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய் சதுர அங்குலத்துக்குச் சுமார் 97 பவுண்டு அழுத்தத்தை விழுங்கிவிடும். இரண்டரை அங்குலக் குழாய்க்குப் பதின்மூன்று பவுண்டு போதும். விட்டத்தில் முக்கால் அங்குல வித்தியாசம் இவ்வளவு வேலை செய்கிறது.

1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசாவில் இது பட்டவர்த்தனமானது. 38 மாடிக் கட்டடத்தில் 22வது மாடியில் தீ. வீரர்கள் கொண்டுபோனது ஒன்றேமுக்கால் அங்குலக் குழாயும், முனையில் 100 பவுண்டு கேட்கும், தண்ணீரைத் துளிகளாகத் தூவும் ஃபாக் நாசிலும். அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் 60 பவுண்டுகூட வரவில்லை. மின்சாரமும் போய், வீரர்கள் மூவர் இறந்தார்கள். கடைசியில் தீயைத் தடுத்தது 30வது மாடியின் ஸ்பிரிங்க்ளர்கள்.

வால்வு செய்த பிழைக்குக் குழாய் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஆனால் வால்வு ஒழுங்காக இருந்திருந்தாலும், அன்றைய அமெரிக்க விதி வால்வில் கேட்டது 65 பவுண்டு மட்டுமே. 1993இல்தான் 100 ஆனது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் 100 பவுண்டு நாசில் முழுமையாக வேலை செய்யவே முடியாது. இரண்டரை அங்குலக் குழாயில் 50 பவுண்டு போதுமான, நேரான துளையுள்ள நாசிலை மாட்டினால், குறைந்த அழுத்தத்திலும் கணிசமான தண்ணீர் தீயைச் சேரும். ரைசரிலிருந்து வரும் துருவும் குப்பையும் அதில் எளிதில் அடைத்துக்கொள்வதில்லை. ஃபாக் நாசிலின் நுணுக்கமான வழிகளுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது.

கனம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. தண்ணீர் நிரம்பிய குழாயை ஓரிருவரால் வளைப்பது பெரும்பாடு. ஆள் கூடுதலாகத்தான் வேண்டும். சுவர்களால் பிரிந்த குடியிருப்பு வீட்டில் ஒரு அறை எரிந்தால் சின்னக் குழாயே போதலாம். ஆனால் அலுவலகத் தளம் தடுப்புச் சுவரின்றித் திறந்து கிடப்பது. மேசை, கம்பளம், காகிதம் எல்லாம் ஒரே தீயாகிவிடும். அங்கே தண்ணீர் குறைந்தால் வேகமாக நகர்ந்தும் பயனில்லை. குழாய்ப் பையோடு ஓர் அழுத்தமானியும் இருக்கட்டும். வால்வில் மாட்டி, தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே உள்ளே போகலாம். ஓட்டமின்றி நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் முள், ஆளை ஏமாற்றிவிடும்.