மக்கும் பிளாஸ்டிக்: சரக்கைத் தெரிந்து வாங்குவோம்



மூன்று வருடங்களுக்கு முன் பச்சை இலைப் படம் அச்சிட்ட கேரி பேக்குகளுடன் ஒரு விற்பனைப் பிரதிநிதி என் கடைக்கு வந்தார். "மண்ணில் போட்டால் மக்கிவிடும் அண்ணாச்சி, 2019 தடையெல்லாம் இதற்குக் கிடையாது" என்றார். நம்பி நாற்பது கட்டு எடுத்து, நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் அதில் ஒரு கடையில் சோதனை நடந்தது. பைகளைப் பறிமுதல் செய்து அபராதமும் போட்டார்கள். அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசீதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அபராதத்தை நானே கொடுத்துவிட்டு, மற்ற கடைகளில் இருந்ததையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனாலும் "மக்கும்" என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமலே சரக்கு விற்றது மனதை உறுத்தியது. நம் வாடிக்கையாளரான வேதியியல் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டும், அவர் கொடுத்ததைப் படித்தும் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பையின் அடியில் பொடி எழுத்தில் "ஆக்ஸோ" என்று இருந்ததை அவர்தான் காட்டினார். அது சாதாரண பாலித்தீன்தான். வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் உடையும்படி ஒரு ரசாயனம் சேர்த்திருப்பார்கள். அரிசி நொறுங்கினால் நொய்யாகும், அரிசி இல்லாமல் போய்விடாது. அதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலேயே இந்த வகையைத் தடை செய்துவிட்டார்கள்.

உண்மையிலேயே மக்கும் பிளாஸ்டிக்கும் உண்டு. அதைச் செய்வது பாக்டீரியா! 1926-இல் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் மோரிஸ் லெமுவான் என்ற விஞ்ஞானி, ஒருவகை பாக்டீரியாவின் உடலுக்குள் இருக்கும் மணிகளை ஆராய்ந்தார். ஹைட்ராக்ஸிபியூட்டிரிக் அமிலம் என்ற சிறு பொருள் சங்கிலி சங்கிலியாகக் கோத்து உண்டானவை அவை. இந்த அமிலம் நமக்கும் அந்நியமில்லை. நாம் விரதம் இருக்கும்போது கொழுப்பிலிருந்து நம் கல்லீரலே இதைச் செய்கிறது. சங்கிலியாகக் கோத்ததற்குப் பெயர் பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட். சுருக்கமாக பி.எச்.பி.

பாக்டீரியாவுக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைத்து, வளர்வதற்கு வேண்டிய நைட்ரஜனோ பாஸ்பரஸோ தட்டுப்பட்டால், மிஞ்சிய சர்க்கரையை அது இப்படி மாற்றி வைத்துக்கொள்கிறது. விலை மலிந்த காலத்தில் நாம் கிடங்கில் மூட்டை அடுக்குகிற மாதிரி. சில இனங்களில் உலர்ந்த எடையில் நூற்றுக்கு எண்பது பங்குவரை இந்தச் சரக்குதான். பிரித்தெடுத்தால் வெள்ளைத் தூள். சுமார் 175 டிகிரியில் உருகும், அச்சில் வார்க்கலாம். இது நுண்ணுயிர்களின் சொந்த உணவு என்பதால் மண்ணிலும் கடலிலும் உள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கும் இதை வெட்டித் தின்னத் தெரியும். முடிவில் கரியமில வாயுவும் தண்ணீருமே மிஞ்சும். காற்று புகாத குப்பையில் என்றால் மீத்தேனும் வரும். எத்தனை நாளாகும் என்பது தடிமன், ஈரம், வெப்பத்தைப் பொறுத்தது. உலர்ந்த அலமாரியில் வைத்தால் கெடாமல் இருக்கும்.

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் நம் கடைக்கு வரவில்லை? இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி இதில் இறங்கிப் பார்த்தது. வெறும் பி.எச்.பி. சட்டென்று முறியும். கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கினாலே கெட்டும் போகும். எனவே வேறொரு அமிலத்தையும் சேர்த்துக் கோக்கும்படி செய்து, "பயோபால்" என்று பெயரிட்டார்கள். 1990-இல் ஜெர்மனியில் வெல்லா ஷாம்பு அந்த பாட்டிலில் விற்பனைக்கு வந்தது. பிறகு 1993-இல் ஜெனிகா, 1996-இல் மான்சான்டோ, 2001-இல் மெட்டபாலிக்ஸ் என்று தொழில் கைமாறிக்கொண்டே போனது. அடிக்கடி கைமாறும் கடையின் கல்லாவில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாதா!

கணக்கு இதுதான். ஒரு கிலோ பி.எச்.பி. எடுக்க ஏறக்குறைய மூன்று கிலோ சர்க்கரை போகிறது. இன்றைய மொத்த விலையில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதன்மேல் தொட்டி, மின்சாரம், பிரித்தெடுக்கும் செலவு, உலர்த்தும் செலவு. இதனால்தான் பிரேசிலில் சாவோ பாலோ மாநிலத்தில் கரும்பு ஆலையை ஒட்டியே சோதனை ஆலை போட்டார்கள். சர்க்கரையும் அங்கேயே, எரிக்கச் சக்கையும் அங்கேயே. மொலாசஸ், பொரித்து மிஞ்சிய எண்ணெய் போன்ற கழிவுகளை பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொடுக்கும் ஆராய்ச்சியும் பல நாடுகளில் நடக்கிறது. ஜப்பானின் கனேகா கம்பெனி தாவர எண்ணெயிலிருந்து இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்கைச் செய்கிறது. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் பெயர் பெற்ற டேனிமர் கம்பெனியோ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. விலை பார்க்காத இடம் ஆஸ்பத்திரிதான். இதன் உறவுப் பொருள் ஒன்றால் ஆன, உடலுக்குள்ளேயே கரையும் தையல் நூலுக்கு அமெரிக்காவில் 2007-இல் அனுமதி கிடைத்தது.

ஆகவே, மலிவு விலைக்கு ஒருவர் மக்கும் பை கொண்டுவந்தால் அது பி.எச்.பி.யாக இருக்காது. ஆக்ஸோவாக இருக்கலாம். அல்லது சோள மாவு, பி.எல்.ஏ. போன்றவை கலந்த உரமாகும் பையாக இருக்கலாம். பி.எல்.ஏ. நன்றாக மக்க 60 டிகிரி அளவு சூடேறும் பெரிய உரக்கிடங்கு வேண்டும். சாக்கடையில் போட்டால் சும்மா கிடக்கும். உரமாகும் பை விற்பவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் நகலைக் கேளுங்கள். உற்பத்தியாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் பையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் ஒரு கட்டுகூட இறக்காதீர்கள்.

என்னிடம் பதினொரு கட்டு இன்னும் கிடங்கில் கிடக்கிறது. விற்றவரின் தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை.