போட்டோவில் தெரியாத சேறு

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. மறுவருடம் எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர், கிளிநொச்சியில் இருந்த பழைய ஆட்டோ ஒன்றைப் போட்டோவில் பார்த்தே பேசி முடித்து, அம்மாவின் ஈ.பி.எப். காசை அனுப்பிவிட்டார்.

வண்டி பளபளவென்றுதான் வந்து இறங்கியது. இரண்டு கிழமையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பாஸ் சீட்டைக் கழற்றினார். அடியில் காய்ந்த சேறு, துருப்பிடித்த ஆணிகள், வயர் முனைகளில் பச்சைக் களிம்பு. விற்றவருக்கு நாமும் நாலு தரம் போன் அடித்துப் பார்த்தோம், எடுக்கவே இல்லை.

வெளியே பெயின்ட் அடித்து மறைக்கலாம். வயருக்குள் போன தண்ணி மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே காசு கொடுக்க முதல் சீட்டுக்கு அடியிலும் லைட் கண்ணாடிக்கு உள்ளேயும் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி, என்ஜின் இலக்கங்களை வண்டியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நேரில் போக முடியாதவர்கள், 1977 கலவரத்தின் பின் அங்கே போய்க் குடியேறிய சொந்தக்காரர் யாரும் இருந்தால், அவரை ஒரு பாஸோடு அனுப்பலாம்.