திரும்பி வரும் மலேரியா ஜுரம்



கெடாவில் ரப்பர்த் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட காலத்தில், வெயில் பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசு பெருகிற்று. லயன்களில் வாழ்ந்த நம் மக்களுக்குக் கொயினா கொடுக்கப்பட்டது. ஜுரம் இறங்கும், ஆனால் பலருக்குச் சில வாரங்களில் மீண்டும் குளிர் நடுக்கம் எடுக்கும். கொசு மறுபடி கடித்ததா, பழைய நோயே திரும்பியதா?

மலேரியாக் கிருமி முதலில் கல்லீரலில் வளர்கிறது என்பதை 1948-இல் ஷார்ட், கார்ன்ஹாம் ஆகிய அறிஞர்கள் கண்டனர். வைவாக்ஸ் என்னும் வகையில் சில கிருமிகள் அங்கேயே உறங்கிக் கிடப்பது 1980-களின் தொடக்கத்தில் உறுதியாயிற்று. கொயினா இரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஈரலில் உறங்குபவற்றைத் தொடாது. மேல்வரவு தீர்ந்தும் பேரேட்டில் பாக்கி நிற்பது போன்றது இது.

அந்தப் பாக்கி எப்போது தலைதூக்கும் என்பது தேசத்துக்குத் தேசம் மாறும். நியூகினி, தென்கிழக்காசியா போன்ற வெப்ப நாட்டு வைவாக்ஸ், மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறை திரும்பலாம். கொரியா போன்ற குளிர் நாட்டு வகையோ எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை உறங்கும். 1950-53 கொரியப் போரில் நோய் தொற்றிய அமெரிக்கப் போர்வீரர் பலர், ஊர் திரும்பிய பின்னரே ஜுரத்தில் விழுந்தனர். குளிர்காலத்தில் கொசு இல்லாததால், அடுத்த கோடை வரை கிருமி காத்திருக்கிறது என்பர். இந்தியாவில் இருவகையும் உண்டு. பால்சிபாரம் வகையும், குரங்கிலிருந்து தொற்றும் நோலெசி வகையும் இவ்வாறு ஈரலில் உறங்குவதில்லை.

2018-இல் மலேசியாவில் மனித மலேரியாவின் உள்ளூர்த் தொற்று ஒன்றும் பதிவாகவில்லை. ஆயினும் தாயகம் சென்று வரும் வியாபாரி, நோயையும் உடன் கொண்டு வரலாம். ஊரிலிருந்து திரும்பிப் பல மாதங்கள் கழித்துச் சுங்கைப்பட்டாணிக் கடையில் ஜுரம் வந்தாலும், "இன்ன மாதம் இன்ன ஊரில் இருந்தேன்" என்று டாக்டரிடம் தவறாது சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உறங்கும் கிருமியை அழிப்பது பிரைமாகுவின். வழக்கமாக 14 நாள் உண்ண வேண்டும். ஜுரம் விட்டதென்று மூன்றாம் நாளே நிறுத்துவதுதான் பெருந்தவறு. ஆனால் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்க்கு இம்மருந்து இரத்த அணுக்களைச் சிதைக்கும்; கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. எனவே பரிசோதனைக்குப் பின், டாக்டர் சொன்னபடியே உண்ணுங்கள்.

நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி. தேடிய மருந்தைக் கடைசி நாள் வரை உண்பதும் அதில் சேர்ந்ததே. அல்லாஹ் நம் அனைவர்க்கும் சுகத்தைத் தருவானாக. ஆமீன்.